நரியின் எடையைத் தராசு சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டனில் வேட்டைக்காரர்கள் சுட்டு வீழ்த்திய பெரிய நரிகளைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான துணுக்கைப் படித்தேன். இறந்த நரியைப் பின்னங்கால்களில் பிடித்து ஒருவர் தூக்கிக் காட்டும் படமும், நாய் அளவுக்கு நரிகள் வளர்ந்துவருகின்றன என்ற தலைப்பும் அதில் இருந்தன. அந்த நரி எத்தனை கிலோ, அதன் நீளம் எங்கிருந்து எதுவரை அளக்கப்பட்டது என்ற விவரம் எங்கும் இல்லை. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஆட்டுப் பண்ணைகளுக்கு நடுவே பதினெட்டு ஆண்டுகளாக வாழ்பவன், நரி சுடப் போகிறவர்களோடு நாள்தோறும் பழகுகிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதலில் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கையை முன்னால் நீட்டி, நரியைக் கேமராவுக்கு அருகில் கொண்டுவந்து, தாம் சற்றுப் பின்வாங்கி நின்றால் ஏழு கிலோ நரிகூட ஆளின் மார்பையும் வயிற்றையும் மறைத்துவிடும். தலைகீழாகத் தொங்கும்போது உடல் நீண்டு, வால் சரிந்து, உயிரோடு ஓடும்போது இருந்ததைவிட நெடிய விலங்காக அது தெரியும். குளிர்காலத்து மயிரும் சேர்ந்துகொண்டால், பழகிய கண்ணே ஏமாறும் என்பதற்கு நானே சாட்சி.

மூன்று ஆண்டுகளுக்கு முன் பிப்ரவரியில், ஆடுகள் ஈனத் தொடங்கியிருந்த சமயத்தில், பக்கத்துப் பண்ணைக்காரர் இரவில் சுட்ட ஆண் நரி ஒன்றைக் காலையில் கொட்டகைக்குக் கொண்டுவந்தார். சுற்றி நின்ற எங்களில் ஒருவர் இருபத்தெட்டு பவுண்டு என்றார். இன்னொருவர் இருபத்தைந்துக்குக் குறையாது என்று அடித்துச் சொன்னார். நானும் இருபத்துநான்காவது இருக்கும் என்றேன். பண்ணைக்காரர் எதுவும் சொல்லாமல், தீவன மூட்டை நிறுக்கும் சுருள்வில் தராசின் கொக்கியில் நரியின் கால்களைக் கட்டிய கயிற்றை மாட்டினார். முள் சற்று நேரம் ஆடிவிட்டுப் பதினெட்டரை பவுண்டில் நின்றது; அதாவது 8.4 கிலோ. இருபத்தெட்டு என்றவர் தராசு பழுது என்றார். கயிற்றை அவிழ்த்து மறுபடி மாட்டியபோதும் முள் அதே கோட்டில் நின்றது. பிறகு பண்ணைக்காரர் நரியின் விலாவில் கையை வைத்து அழுத்திக் காட்டினார்; மயிருக்குள் அவருடைய விரல்கள் இரண்டாம் கணு வரை புதைந்தன. நாங்கள் மூவரும் எடை போட்டது பெரும்பாலும் அந்த மயிரைத்தான்.

பிரிட்டனில் வளர்ந்த ஆண் நரி சராசரியாக ஆறரை, ஏழு கிலோ இருக்கும். பெண் நரி அதைவிட ஏறத்தாழ ஒரு கிலோ குறைவு. ஆகவே எங்கள் கொட்டகையில் தொங்கியதும் உண்மையாகவே பெரிய நரிதான். இருபது பவுண்டு, அதாவது ஒன்பது கிலோவைத் தாண்டிய நரியைச் சுட்டவர் அதைப் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருப்பார். தராசில் ஏற்றாமல் சொல்லப்படும் முப்பது பவுண்டு நரிகளால்தான், நிறுத்துப் பார்த்த இருபது பவுண்டு நரிக்கு மதிப்பில்லாமல் போகிறது என்பது கவனமான வேட்டைக்காரர்களின் ஆதங்கம். இரவில் விளக்கொளியில் மின்னும் இரண்டு கண்களையும், வெப்பக் காட்சிக் கருவியில் தெரியும் வெளுத்த உருவத்தையும் வைத்து அளவு சொல்ல இயலாது என்பதை அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

நீளத்திலும் இதே குழப்பம் உண்டு. மூக்கு நுனி முதல் வால் நுனி வரை ஒருவர் அளப்பார். மற்றவர் அளவு நாடாவை முதுகின் வளைவோடு ஒட்டி ஓட்டிச் சில அங்குலங்களைக் கூட்டிக்கொள்வார். நரியின் வால் மட்டுமே நாற்பது சென்டிமீட்டர் அளவுக்கு வரும் என்பதால், விலங்கியலாளர்கள் தலையும் உடலும் சேர்ந்த நீளத்தைத் தனியாகவும், வாலைத் தனியாகவும் குறிக்கிறார்கள். ஐரோப்பாவில் கொம்பு, மண்டையோடு போன்ற வேட்டை நினைவுப்பொருள்களை மதிப்பிடுகிறவர்கள் நரியின் மண்டையோட்டின் நீளத்தையும் அகலத்தையும் கூட்டி மதிப்பெண் தருகிறார்கள். நிறைந்த வயிறும் நனைந்த மயிரும் எலும்பை மாற்ற முடியாது என்பதால், ஒப்பிடுவதற்கு இதுவே நேர்மையான வழி என்பது என் கருத்து.

மிகப் பெரிய நரிகளே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2012 தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் அபர்டீன்ஷயரில் சுடப்பட்ட ஆண் நரி 17.2 கிலோ எடையும் ஏறத்தாழ 1.4 மீட்டர் நீளமும் கொண்டதாகப் பதிவாகியிருக்கிறது. பிரிட்டனில் பதிவான நரிகளில் அதுவே பெரியது. அதற்கு முன் 2010 டிசம்பரில் எங்கள் கென்ட் பகுதியின் மெய்ட்ஸ்டன் நகரில் பிடிபட்ட நரி 12 கிலோ அளவில் இருந்தது. இந்த இரண்டு எண்களையும் எடுத்துக்கொண்டு நரிகள் எல்லாமே பெருத்துவருகின்றன என்று எழுதுவதைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன். ஊரில் ஏழடி உயர மனிதர் ஒருவர் இருப்பதால் ஊராரெல்லாம் வளர்ந்துவிட்டதாக யாரும் சொல்வதில்லை.

அளவு வேறுபடுவதற்கு இயற்கையான காரணங்கள் உண்டு. பிரிட்டனின் நரி செந்நரி என்ற இனம்; அதே செந்நரி அரேபியப் பாலைவனத்தில் மூன்று கிலோ அளவிலேயே நின்றுவிடும். குளிர் மிகுந்த வடக்கே போகப் போக அதே இனம் பெரிதாகும். ஸ்காட்லாந்து நரி தென் இங்கிலாந்து நரியைவிடக் கனமாக இருப்பதில் வியப்பில்லை. வயது ஏற ஏற நரி வளர்ந்துகொண்டே போகும் என்ற நம்பிக்கையும் தவறானது. வசந்த காலத்தில் பிறக்கும் குட்டி இலையுதிர் காலத்துக்குள் ஏறத்தாழ முழு அளவை எட்டிவிடும். அதன் பிறகு கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் கொழுப்புதான்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2010 ஜூனில் கிழக்கு லண்டனின் ஹாக்னியில் வீட்டுக்குள் நுழைந்த நரியால் இரட்டைக் கைக்குழந்தைகள் காயமடைந்தார்கள். மிக அரிதான, ஆனால் உண்மையிலேயே கொடுமையான நிகழ்ச்சி அது. அந்த அச்சம் அடங்குவதற்குள் மெய்ட்ஸ்டன் நரியின் செய்தி வந்தது. தோட்டத்தில் குழந்தைகளை விளையாடவிடவே அயலார் தயங்கியதைப் பார்த்தேன். எடை தெரியாத நரியின் படத்துக்குப் பயமூட்டும் தலைப்பு வைத்தால், படிக்கிறவர் மனத்தில் அதுதான் தங்கும்.

தமிழ் வாசகர்களுக்கு இன்னொரு குழப்பமும் சேர்ந்துவிடுகிறது. நம் ஊரில் இரவில் கூட்டமாக ஊளையிடும் நரி, பிரிட்டனின் செந்நரியிலிருந்து வேறான விலங்கு. அது நாய், ஓநாய் ஆகியவற்றின் பேரினத்தைச் சேர்ந்தது, எட்டு, பத்து கிலோ வரை சாதாரணமாக இருக்கும். செந்நரிக்கு நெருங்கிய உறவு, சேலம் வட்டாரத்தில் வங்காநரி என்று அழைக்கப்படும் சிறிய நரிதான். அதன் எடை இரண்டு முதல் நான்கு கிலோ. துணுக்கில் வெறுமனே நரி என்று மட்டும் எழுதியதால், ஊளையிடும் நரியை மனத்தில் வைத்தவருக்கு எட்டு கிலோ என்பது சாதாரணமாகவும், வங்காநரியை மனத்தில் வைத்தவருக்குப் பூதாகாரமாகவும் தோன்றும். செந்நரி என்று ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் போதுமாக இருந்திருக்கும்.

இனி இத்தகைய செய்தியை வெளியிடும்போது, நரியின் இனம், ஆணா பெண்ணா என்பது, தராசில் கண்ட எடை, வாலைச் சேர்க்காத உடல் நீளம் ஆகிய நான்கையும் செய்தி தந்தவரிடம் கேட்டுப் பெற்று அச்சிடுமாறு வேண்டுகிறேன். எடை போடவில்லை என்று அவர் சொன்னால், அதையும் படத்தின் அடியிலேயே அச்சிட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கென்ட், இங்கிலாந்து