அன்று "வேண்டாம்" என்று சொன்னதற்கு நன்றி

அன்புள்ள அக்காவுக்கும், உங்கள் பேக்கரியில் வேலை செய்யும் எல்லோருக்கும்,

முதல் முறை நான் உங்கள் கடைக்கு வந்தபோது நீங்கள் எனக்கு எதையும் விற்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் பாதாம் மாவுக் குக்கீஸ் ஒரு தட்டு இருந்தது. "இதில் கோதுமை இல்லைதானே?" என்று கேட்டேன். "மாவில் இல்லை. ஆனால் கோதுமைக் குக்கீஸ் சுட்ட அதே ட்ரேயில்தான் இதையும் சுட்டோம். உங்களுக்கு என்ன, சீலியாக் நோயா?" என்றீர்கள். ஆமாம் என்றேன். "அப்படியென்றால் இது வேண்டாம், தம்பி" என்று சொல்லிவிட்டீர்கள். வெறுங்கையோடு திரும்பினேன். ஆனாலும் வழியெல்லாம் மனசு லேசாக இருந்தது. நான் சொல்வதற்கு முன்பே ஒரு கடையில் அந்த நோயின் பெயரைச் சொன்னது அன்றுதான்.

"ஒரே ஒரு துண்டு சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்?" என்று அன்பாகக் கேட்பவர்கள் நிறைய பேர். இந்த நோய் இருப்பதால், கோதுமை, பார்லி, ரை தானியங்களில் இருக்கும் க்ளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், என் உடம்பே என் சிறுகுடலில் சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகளைத் தாக்கத் தொடங்கிவிடும். அதற்கு ஒரு துணுக்கே போதும். ஓவன் சூட்டில் க்ளூட்டன் அழிவதும் இல்லை. இதை எனக்குப் பொறுமையாக விளக்கிய மருத்துவருக்கும் இங்கே நன்றி சொல்ல வேண்டும். நான் பயந்துபோய் உட்கார்ந்திருந்தபோது, டச்சு மருத்துவர் வில்லெம் டிக்கே பற்றிச் சொன்னார். 1944–45 குளிர்காலப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காதபோது இந்த நோயுள்ள குழந்தைகள் தேறியதை அவர் கவனித்தாராம். "எதைத் தவிர்க்க வேண்டும் என்று தெரிந்த காலத்தில் நீங்கள் இருக்கிறீர்கள்" என்றார். அன்று எனக்குத் தேவைப்பட்ட வார்த்தை அது.

அப்புறம் இரண்டு மாதம் கழித்து நீங்கள் போன் செய்தீர்கள். அதற்குள் எவ்வளவு வேலை செய்திருக்கிறீர்கள்! புது ட்ரே, புது சல்லடை, புது அகப்பை. பழைய மர அகப்பையை எவ்வளவு கழுவினாலும் அதன் கீறல்களில் மாவு தங்கும் என்று நீங்கள் சொல்லித்தான் எனக்கே தெரியும். கோதுமை மாவுத் தூசி காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும் என்பதால், விடுமுறைக்கு மறுநாள் காலையில், வேறு மாவு எதையும் பிரிப்பதற்கு முன்னால், க்ளூட்டன் இல்லாத குக்கீஸை முதலில் சுடுகிறீர்கள். ஓட்ஸில் இயல்பாகக் க்ளூட்டன் இல்லை. ஆனால் வயலிலும் ஆலையிலும் கோதுமை கலந்துவிடும் என்று, தனியாகப் பயிரிட்டு அரைத்த ஓட்ஸைத் தேடிப் பிடித்தீர்கள். கடைசியில் ஆய்வகத்துக்கும் அனுப்பினீர்கள். கிலோவுக்கு 20 மில்லிகிராம் க்ளூட்டன் என்பது பல நாடுகள் ஏற்றுக்கொண்ட வரம்பு. அதற்குள் இருக்கிறது என்று தாள் வந்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டீர்கள்.

சுவையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அதுவரை நான் தின்ற க்ளூட்டன் இல்லாத குக்கீஸ் எல்லாம் வாயில் மணல் போல நெறுநெறுக்கும், எடுக்கும்போதே பொடிந்துவிடும். உங்களுடையது ஓரத்தில் மொறுமொறு, நடுவில் மெத்தென்று, கடித்தால் லேசாக இழுத்துக்கொண்டு வந்தது. காரணம் கேட்டேன். அரிசி மாவு ஈரத்தை மெதுவாகத்தான் உறிஞ்சும், அதனால் பிசைந்ததை ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைக்கிறோம் என்றீர்கள். இழுவைக்கு மரவள்ளி மாவு, பிடிப்புக்குச் சிட்டிகை சாந்தன் கம் என்ற பொடி. ரகசியம் எதையும் மறைக்கவில்லை. கடை வாசலில் நின்றபடியே நான்கு தின்றேன். எதையும் யோசிக்காமல், லேபிளைத் திருப்பிப் பார்க்காமல், வெளியில் சாப்பிட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது.

ட்ரே கழுவும் தம்பிக்குத் தனியாக நன்றி. க்ளூட்டன் இல்லாத குக்கீஸுக்கென்று சிவப்பு டேப் ஒட்டிய டப்பாவில் தேதி எழுதாமல் நீ ஒரு நாளும் மூடியதில்லை. வரிசையில் நின்ற அந்தப் பள்ளிச் சிறுமிக்கும் நன்றி. நான் அவசரத்தில் வேறு இடுக்கியை எடுத்தபோது, "அண்ணா, அது இல்லை, சிவப்புக் கைப்பிடி போட்டதுதான் அதுக்கு" என்று தடுத்தாளே, அவள் பெயர்கூடக் கேட்கவில்லை.

இன்னொரு செய்தி. எனக்கு இருப்பதால் வீட்டில் எல்லோரையும் பரிசோதிக்கச் சொன்னார் மருத்துவர். என் 6 வயது மகளுக்கும் சீலியாக் இருப்பது உறுதியாகிவிட்டது. எனக்கு வந்த பயம் அவளுக்கு வரவில்லை. "அப்பா சாப்பிடுற சிவப்பு டப்பா குக்கீஸ் எனக்கும்தானே?" என்று கேட்டாள். சனிக்கிழமை அவளை அழைத்து வருகிறேன். எது வேண்டும் என்று அவளே கையை நீட்டிக் காட்டட்டும். சாக்லேட் துண்டு போட்டதில் இரண்டு எடுத்து வையுங்கள், அக்கா.

நன்றியுடன்,
உங்கள் சனிக்கிழமை வாடிக்கையாளர்