காற்றுக்கு பிவிசி வேண்டாம், அம்மிணி

அன்புள்ள அம்மிணி,

நேற்று ராத்திரி உங்கள் ஷெட் வேலைக்கு நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய எஸ்டிமேட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். கூரை, தரை, கரண்ட் எல்லாம் சரிதான். எட்டாவது வரியில் வந்து நின்றுவிட்டேன். ‘ஏர் லைன், 1 இன்ச் யுபிவிசி, ஃபிட்டிங்ஸ் சேர்த்து.’ கம்ப்ரஸர் அமுக்கிய காற்று மெஷினுக்குப் போகும் லைனுக்கு பிளாஸ்டிக் பைப்பா! போனில் சொன்னால் ‘சரிப்பா, பார்த்துக்கறேன்’ என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்த பிளம்பர் உன்னை ஏமாற்றவில்லை. பைப் மேலேயே 10 கிலோ பிரஷர் தாங்கும் என்று அச்சடித்திருக்கிறது, கம்ப்ரஸர் 8 கிலோவில் கட்டாகிவிடும், அப்புறம் என்ன பயம் என்பது அவர் கணக்கு. ஆனால் அந்தப் 10 கிலோ தண்ணீருக்குப் போட்டது. தண்ணீரை அமுக்க முடியாது. தண்ணீர் பைப் வெடித்தால் ‘சர்’ரென்று பீய்ச்சும், அந்த நொடியே பிரஷர் இறங்கிவிடும், தரை நனையும், அவ்வளவுதான். காற்று அப்படியில்லை. நீங்கள் வாங்கப்போகும் 500 லிட்டர் டேங்கில் 8 கிலோ ஏற்றினால், வெளியே வரத் துடித்துக்கொண்டு 4,000 லிட்டர் காற்று உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள். வெடிக்கும்போது அது பைப்பைக் கிழிக்காது, சில்லு சில்லாக உடைத்து எறியும்.

இன்னொன்று சூடு. கம்ப்ரஸரிலிருந்து வரும் காற்று சூடாக வரும். அதற்கு மேல் உங்கள் ஷெட்டில் தகரக் கூரை. பிவிசி 60 டிகிரிக்குப் போனால், அதன் மேல் அச்சடித்த பலத்தில் கால்வாசிகூட மிஞ்சாது. கம்ப்ரஸர் ஆயிலும் காற்றோடு கொஞ்சம் கொஞ்சமாகப் போய் பிளாஸ்டிக்கை அரிக்கும். மோசம் என்னவென்றால், போட்ட அன்றைக்கு ஒன்றும் ஆகாது. ஆறு மாதம் ஆகாது, ஒரு வருஷமும் ஆகாமல் இருக்கலாம். ‘எங்க ஷெட்டுல அஞ்சு வருஷமா ஓடுதே’ என்று ஓசூரிலேயே பத்துப் பேர் சொல்வார்கள்.

என் இடது முழங்கையில் இருக்கும் தழும்பு பைப் ரென்ச் வழுக்கியதால் வந்தது என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். நீ மூன்றாவது படிக்கும்போது, அப்போது வேலை பார்த்த மில்லில் ஒரு பக்கத்து ஏர் லைனை அவசரத்துக்கு பிவிசியில் இழுத்தோம். ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு பைப், வர நாலு நாள் ஆகும் என்றார்கள், மெஷின் நிற்கக்கூடாது என்றார்கள். இழுத்தவன் நான்தான். எட்டு மாதம் ஓடியது. ஒருநாள் ஒரு பையன் ட்ராலியைக் கொண்டுபோய் லேசாக இடித்தான். பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். ஒரு சில்லு என் கையில் ஏறியது, இன்னொன்று அந்தப் பையன் காதுக்குப் பக்கத்தில் சுவரில் குத்தி நின்றது. கையை விட அந்தச் சுவர்தான் ரொம்ப நாள் என்னைத் தூங்கவிடவில்லை. உன் அம்மாவுக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. இதை அவளுக்குப் படித்துக் காட்டாதே.

சரி, என்ன போடுவது? ஜிஐ போடு. அலுமினிய லைன் இப்போது வருகிறது, துருப்பிடிக்காது, மாட்டுவதும் சுலபம், ஆனால் விலை உங்களுக்கு இப்போது தாங்காது. ஜிஐயில் மஞ்சள் பட்டை, நீலப் பட்டை, சிவப்புப் பட்டை என்று மூன்று இருக்கும். மஞ்சள் ஏ கிளாஸ், தகடு மெலிசு. அதில் மரை (திருகுப் பள்ளம்) வெட்டினால் மிஞ்சுவது தாள் கனம்தான். நீலம், பி கிளாஸ் வாங்கு. சிவப்பு உங்கள் வேலைக்குத் தேவையில்லை.

லைனைத் தூக்கிக் கட்டும்போது 100 அடிக்கு ஒரு அடி சரிவு வேண்டும். உங்கள் ஷெட் 60 அடி, அப்படியென்றால் கடைசி முனை ஏழு அங்குலம் இறங்கி இருக்கட்டும். அங்கே ஒரு வடிகால் வால்வு. காற்று ஆறும்போது தண்ணீர் விடும், அது ஓடிச் சேர ஓர் இடம் வேண்டாமா? அதே காரணத்துக்குத்தான் மெஷினுக்கு இறங்கும் கிளையை மெயின் லைனின் அடியிலிருந்து எடுக்கக்கூடாது. கிளை பிரியும் டீ ஃபிட்டிங்கின் வாயை மேலே பார்க்க வைத்து, இரண்டு எல்போ வளைவு போட்டு, கொக்கு கழுத்தை வளைத்த மாதிரி கீழே இறக்கு. இதைப் பார்த்து உங்கள் பிளம்பர் ‘வீணா ரெண்டு எல்போ’ என்று முனகுவார். முனகட்டும். மெஷினில் சுழலும் ஸ்பிண்டிலுக்குள் தண்ணீர் போனால் செலவு எவ்வளவு என்று மாப்பிள்ளையைக் கேட்டுப் பார்.

ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு பால் வால்வு. கேட் வால்வு வேண்டாம், திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று பார்த்தால் தெரியாது. பால் வால்வில் கைப்பிடி பைப்போடு சேர்ந்து நின்றால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது, தூரத்திலிருந்தே தெரியும். டேங்கை விட்டு வெளியே வரும் இடத்தில் ஒரு வால்வு, கழற்றி மாட்ட ஒரு யூனியன், அதற்கப்புறம் ஓர் அடி ஃப்ளெக்ஸிபிள் ஹோஸ். கம்ப்ரஸரின் அதிர்வு நேராக பைப்பில் ஏறினால் மரைகள் ஒவ்வொன்றாகக் கசிய ஆரம்பிக்கும். ஆனால் கம்ப்ரஸர் தலைக்கும் டேங்குக்கும் நடுவில் மட்டும் யாராவது வால்வு போட்டால் கழற்றச் சொல். அதை மறந்து மூடிவிட்டு ஸ்விட்சைப் போட்டால் காற்றுக்குப் போக்கிடம் இல்லை. டேங்க் மேலே இருக்கும் சேஃப்டி வால்வு சீறுகிறது என்று பிளக் வைத்து அடைக்கும் புத்திசாலிகளையும் பார்த்திருக்கிறேன்.

மாப்பிள்ளை ஏலத்தில் எடுத்த அந்த அமெரிக்க லேத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதன் மரை அமெரிக்க அளவான என்பிடி. நம் கடையில் கிடைப்பது பிரிட்டிஷ் அளவான பிஎஸ்பி. அரை இன்ச்சிலும் முக்கால் இன்ச்சிலும் இரண்டுக்குமே ஓர் அங்குலத்துக்கு 14 மரைதான், அதனால் கையால் சுற்றினால் சமத்தாக உள்ளே போகும். ஆனால் பிஎஸ்பி மரையின் கோணம் 55 டிகிரி, என்பிடிக்கு 60. டெஃப்லான் டேப்பை எத்தனை சுற்று சுற்றினாலும் கசியும். ‘இன்னும் கொஞ்சம் டைட் பண்ணு’ என்று யாராவது ரென்சில் பைப்பைச் செருகி முறுக்குவார்கள், மெஷின் பக்கத்து வார்ப்பு விரியும். என்பிடி-பிஎஸ்பி அடாப்டர் என்று கேட்டு வாங்கிக்கொள். மெஷினுக்குள் போகும் நீல பியூ (பாலியூரிதேன்) ட்யூப், அழுத்தினாலே மாட்டிக்கொள்ளும் புஷ் ஃபிட்டிங்குகள் நல்லவைதான், ட்யூபை நேராக வெட்டினால் போதும். சாய்த்து வெட்டினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையம் பிடிக்காது.

பாத்ரூமுக்கு யுபிவிசி தாராளமாகப் போடட்டும். பின்னால் ஹீட்டர் வைப்பதாக இருந்தால் சுடுதண்ணீர் லைன் மட்டும் சூடு தாங்கும் சிபிவிசி. இரண்டையும் கலக்க விடாதே. முக்கால் இன்ச் சிபிவிசியின் வெளி அளவு 22.2 மில்லி, அரை இன்ச் யுபிவிசி 21.3. கிட்டத்தட்ட ஒன்று போலத் தெரியும், பைப் ஒட்டும் சொல்யூஷனை அப்பி ஒட்டிவிடுவார்கள். ஒரு நாள் கழன்று வரும். இரண்டுக்கும் சொல்யூஷனும் வேறு. ஒட்டியபின் ஒரு நாள் முழுக்க விட்டுத்தான் பிரஷர் டெஸ்ட், அதுவும் தண்ணீரால்தான். ‘கம்ப்ரஸர்தான் இருக்கே’ என்று காற்றை விட்டு டெஸ்ட் பண்ணினால் பழைய கதைதான். அந்தச் சொல்யூஷன் டின்னைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் வெல்டிங் வேண்டாம், அந்த ஆவி தீப்பிடிக்கும்.

எஸ்டிமேட்டில் ஜிஐக்கு மாற்றினால் எவ்வளவு கூடும் என்று கணக்குப் போட்டு அனுப்பு. அந்த வித்தியாசத்தை நான் தருகிறேன், மாப்பிள்ளையிடம் கடன் என்றே சொல்லு, அவருக்கு அப்போதுதான் சரிப்படும். சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். மரை வெட்டும் என் டை செட்டும் இரண்டு ரென்சும் கொண்டுவருகிறேன். உன் அம்மா பருப்புப் பொடி இடித்துக்கொண்டிருக்கிறாள், அந்தப் பை வேறு. பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி அனுப்பு, பைப் ரென்சோடு ஆட்டோக்காரனிடம் பேரம் பேச என்னால் ஆகாது.

நான் வரும்வரை அந்த பிளம்பர் ஒரு எல்போகூட ஒட்ட வேண்டாம்.

அன்புடன்,
அப்பா