பாலம் என்று தெரியாமல் நின்ற இடம்

எடின்பரோ, ஸ்காட்லாந்து,
மே மாதம், ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனில் பேசும்போதெல்லாம் "ஊர் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்பீர்கள். நானும் "குளிருதுப்பா", "இன்னைக்கு வெயில் அடிச்சது" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குத் தாவிவிடுவேன். நீங்கள் கேட்டது வானிலையை இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. இங்கே டிசம்பரில் எட்டரை மணிக்குமேல்தான் விடியும், நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். பகல் டூட்டிக்கு இருட்டில் போய் இருட்டில் திரும்புகிறவளுக்கு ஊர் என்றால் வார்டு, அறை, நடுவில் ஒரு பஸ் ஸ்டாப், அவ்வளவுதான். அப்படியே இரண்டு வருடம் ஓடிவிட்டது.

போன வாரம் என் பிறந்தநாளுக்கு வார்டில் கூட வேலை செய்கிறவர்கள் எல்லோரும் பணம் போட்டு ஒரு பரிசு கொடுத்தார்கள். ஊரை நடந்து சுற்றிக் காட்ட ஒரு வழிகாட்டி, எனக்கென்று மட்டும், அரை நாளுக்கு. கூட்டத்தோடு போவது வேறு. அங்கே குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஒருவர் முன்னால் போவார், முப்பது பேர் பின்னால் ஓடுவார்கள். இதில் நானும் அவரும் மட்டும்தான். எங்கே நிற்க வேண்டும் என்று தோன்றுகிறதோ அங்கே நிற்கலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் "அது என்ன?" என்று கேட்கலாம்.

இன்று காலை வந்த அம்மாளுக்கு அறுபது வயதுக்குமேல் இருக்கும். கோட்டில் நீல பேட்ஜ் குத்தியிருந்தார். அது படித்துத் தேர்வு எழுதித் தேறிய வழிகாட்டிகளுக்குத் தருவது. கோட்டையில்தான் ஆரம்பிப்பார் என்று நினைத்திருந்தேன். அவரோ, "நீ தினமும் நிற்கிற இடம் எது?" என்று கேட்டார். பஸ் ஸ்டாப் என்றேன். "சரி, அங்கேயே ஆரம்பிப்போம்" என்றார்.

அப்பா, நான் பஸ் ஏறும் தெருவின் பெயர் சவுத் பிரிட்ஜ். பெயரிலேயே பாலம் இருக்கிறது. ஆனால் இரண்டு பக்கமும் வரிசையாகக் கடைகளும் மாடி வீடுகளும் நிற்பதால் அது பாலம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அந்த அம்மாள் என்னைப் பத்தடி தள்ளிக் கூட்டிப்போய், கட்டடங்களுக்கு நடுவில் இருந்த ஓர் இடைவெளியில் நிறுத்தி, "கீழே பார்" என்றார். கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் வெகு ஆழத்தில் இன்னொரு தெரு போகிறது! அதற்குக் கௌகேட் என்று பெயர், ஒரு காலத்தில் மாடு ஓட்டிப்போன பாதையாம். மேலே ஒரு ஊர் நடமாடுகிறது, காலுக்குக் கீழே இன்னொரு ஊர் நடமாடுகிறது. 1788இல் திறந்த இந்தப் பாலத்துக்கு 19 வளைவுகள். இன்று வெளியே தெரிவது ஒன்றே ஒன்று, மற்றதெல்லாம் கட்டடங்களுக்குப் பின்னால் மறைந்துவிட்டன. அந்த வளைவுகளுக்குள் அறைகள் கட்டிச் சரக்கு அடுக்கினார்கள், செருப்புத் தைத்தார்கள். மேலிருந்து தண்ணீர் ஒழுக ஆரம்பித்ததும் வியாபாரிகள் காலி செய்துவிட்டுப் போனார்கள். போக்கிடம் இல்லாத ஏழைகள் அங்கே குடியேறினார்கள். வெளிச்சமும் இல்லை, காற்றும் இல்லை. நான் பஸ்ஸுக்காகக் காத்துக்கொண்டு போன் பார்த்த இடத்துக்கு அடியில் குடும்பங்கள் வாழ்ந்திருக்கின்றன.

அதன்பிறகு மூன்றரை மணி நேரம் எப்படிப் போனது என்றே தெரியவில்லை.

பழைய ஊரின் அமைப்பைச் சொல்கிறேன், மனதில் வரைந்து பாருங்கள். கோட்டை நிற்கிற பாறை, சுமார் 35 கோடி வருடங்களுக்கு முன் எரிமலையின் வாய்க்குள் இறுகிப்போன குழம்பு. பிற்பாடு பனியாறு மேற்கிலிருந்து அரைத்துக்கொண்டு வந்தபோது இந்தப் பாறை மட்டும் அசையாமல் நின்றது. அதன் முதுகுக்குப் பின்னால் இருந்த மெல்லிய மண்ணும் கல்லும் தப்பித்து, கிழக்கே சரிந்து போகிற ஒரு வால் மாதிரி நீண்டன. அந்த வாலின் மேல்தான் ராயல் மைல் என்கிற பெரிய தெரு. அதிலிருந்து இரண்டு பக்கமும் மீன் முள் போலக் குறுகிய சந்துகள் இறங்குகின்றன. சந்தை இங்கே 'க்ளோஸ்' என்கிறார்கள். சுற்றி மதில் இருந்ததால் ஊர் அகலத்தில் வளர முடியாமல் உயரத்தில் வளர்ந்தது. லிஃப்ட் இல்லாத காலத்திலேயே பத்து மாடிக்குமேல் போன வீடுகள் இருந்தன. ஒரே படிக்கட்டில் பிரபுவும் ஏறுவார், வக்கீலும் ஏறுவார், கூலிக்காரனும் ஏறுவான். தெருவின் சத்தமும் நாற்றமும் எட்டாத, அதிகம் ஏறவும் வேண்டாத நடு மாடிகள் பணக்காரர்களுக்கு. ஏழைகளுக்கு உச்சியும் அடியும். கழிவு நீரை ஜன்னல் வழியாகத்தான் கொட்டுவார்கள். கொட்டுமுன் "கார்டிலூ!" என்று கத்த வேண்டும், கீழே போகிறவர் ஒதுங்கிக்கொள்ள.

அட்வகேட்ஸ் க்ளோஸ் என்ற சந்தில் சில படிகள் இறங்கினோம். லேசான தூறல், கல்லெல்லாம் வழுக்கியது. ஒரு வாசலின் மேற்கல்லைக் காட்டித் தொட்டுப் பார்க்கச் சொன்னார். "இறைவன் தந்த கொடைகள் அனைத்துக்கும் அவருக்கு ஸ்தோத்திரம்" என்று பழைய ஸ்காட்லாந்து மொழியில் வெட்டியிருக்கிறார்கள், பக்கத்தில் 1590. வீட்டுக்காரரின் பெயரின் முதலெழுத்துகளும் அவர் மனைவியின் முதலெழுத்துகளும் சேர்ந்தே இருக்கின்றன. இங்கே கல்யாணமான பெண் பிறந்த வீட்டுப் பெயரை விடாமல் வைத்துக்கொள்ளும் வழக்கம் அன்று இருந்ததால் அவளுக்கென்று தனி எழுத்து. ஒரு வியாபாரியும் அவர் மனைவியும். எழுத்தின் பள்ளத்தில் மழைத்தண்ணீர் நின்றது. விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தடவிக்கொண்டே வந்தேன். அந்த அம்மாள் அவசரப்படுத்தவில்லை, குடையை என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். கூட்டத்தோடு வந்திருந்தால் இந்தக் கல்லுக்கு அரை நிமிடம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

நடந்துகொண்டே என் தாய்மொழி எது என்று கேட்டார். தமிழ் என்றேன். உடனே நின்றுவிட்டார். "அப்படியானால் வழியை மாற்றுகிறேன், உனக்கு ஒரு முற்றம் காட்ட வேண்டும்" என்று ஜேம்ஸ் கோர்ட்டுக்குக் கூட்டிப்போனார். பேட்ரிக் கெடிஸ் என்று ஒருவர், தாவரவியலாளர். 1886இல் கல்யாணமான கையோடு, வசதியான புது நகரத்தில் குடியிருக்காமல், மனைவி ஆனாவுடன் இந்த அழுக்கடைந்த முற்றத்துக்கு வந்து குடியேறினார். அக்கம்பக்கத்தாரையும் சேர்த்துக்கொண்டு கழுவினார், வெள்ளையடித்தார், கிடைத்த மூலையிலெல்லாம் செடி வைத்தார். தெருவையே இடித்துத் தள்ளிவிட்டு அகலச் சாலை போடுவதை அவர் ஏற்கவில்லை. மிகவும் கெட்டுப்போன வீட்டை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடைவெளியில் காற்றும் மரமும் வரட்டும், மற்ற வீடுகளும் மனிதர்களும் அப்படியே இருக்கட்டும் என்பது அவர் வாதம். நோயாளிக்கு எவ்வளவு குறைவாகக் கத்தி வைக்க முடியுமோ அவ்வளவு குறைவாக வைப்பது போல. ஆபரேஷன் தியேட்டரில் நின்றிருக்கிறேன் அப்பா, எனக்கு அது சட்டென்று புரிந்தது.

அவரை நம் பக்கம் அழைத்தவர் சென்னை மாகாண ஆளுநராக இருந்த பென்ட்லண்ட் பிரபு. 1914இல் கெடிஸ் புறப்பட்டு வந்தார். உலக நகரங்களைப் பற்றிப் பல வருடமாகச் சேர்த்த வரைபடங்களும் படங்களும் வேறொரு கப்பலில் வந்துகொண்டிருந்தன. அந்தக் கப்பலை மூழ்கடித்தது எது தெரியுமா? எம்டன்! முதல் உலகப் போரில் சென்னையில் குண்டு போட்ட அதே ஜெர்மன் போர்க்கப்பல். வாழ்நாள் சேகரிப்பு கடலுக்குள் போய்விட்டது. மனிதர் சோர்ந்து திரும்பவில்லை. இங்கிருந்து நண்பர்கள் மறுபடியும் திரட்டி அனுப்ப, 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சியை நடத்தியே விட்டார். தஞ்சாவூர், மதுரை பற்றியெல்லாம் நேரில் பார்த்து அறிக்கை எழுதியிருக்கிறார்.

"எங்கள் மொழியில் எம்டன் என்று ஒரு சொல்லே இருக்கிறது, மகா கெட்டிக்காரனை, யாருக்கும் பிடிகொடுக்காதவனை 'அவன் எம்டன்' என்போம்" என்று சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து என்னை எழுத்துக்கூட்டச் சொல்லி எழுதிக்கொண்டார்.

அப்புறம் பெரிய தெருவில் கீழே இறங்கி பெய்ஸ்லி க்ளோஸ். அதன் நுழைவாயிலுக்கு மேலே ஒரு சிறுவனின் முகம் கல்லில் செதுக்கியிருக்கிறது. 1861 நவம்பரில் ஒரு நள்ளிரவில், இங்கே நின்ற பழைய அடுக்குமாடி எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்கும்போது அப்படியே சரிந்து விழுந்தது. 35 பேர் போய்விட்டார்கள். இனி யாரும் உயிரோடு இருக்கமாட்டார்கள் என்று நினைத்தபோது இடிபாட்டுக்கு அடியிலிருந்து ஒரு பையனின் குரல்: "தூக்குங்கப்பா, நான் இன்னும் சாகலை!" அந்த வார்த்தைகளையும் அவன் முகத்துக்கு மேலே வெட்டி வைத்திருக்கிறார்கள். ஐசியூவில் இரவு டூட்டி பார்த்தவளுக்கு அந்தக் குரல் புதிதில்லை. கண் கலங்கிவிட்டது. அடுத்த வருடமே நகராட்சி ஹென்றி லிட்டில்ஜான் என்ற டாக்டரைச் சுகாதார அதிகாரியாக நியமித்தது. 1865இல் அவர் ஊரின் சுகாதார நிலையைப் பற்றி விரிவான அறிக்கை கொடுத்தார், எந்தத் தெருவில் எத்தனை பேர் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறார்கள், எங்கே சாவு அதிகம் என்றெல்லாம். சாக்கடை, தண்ணீர், கட்டட ஆய்வு என்று ஒவ்வொன்றாக அதன்பிறகு சீராகத் தொடங்கின.

ஸ்காட்லாந்தின் மதச் சீர்திருத்தவாதி ஜான் நாக்ஸ் பிரசங்கம் செய்த செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தையும், எஜமானின் கல்லறையை விட்டுப் போகாத பாபி என்ற நாயின் சிலையையும் பார்த்தோம். அதையெல்லாம் போஸ்ட் கார்டிலேயே பார்க்கலாம், படம் அனுப்புகிறேன்.

கடைசியாக அந்த அம்மாள், "நீ நர்ஸ், அதனால் இது உனக்காக" என்று சர்ஜன்ஸ் ஹாலுக்கு நடத்திப்போனார். பெரிய தூண்களும் இரும்புக் கதவும் உள்ள கட்டடம். 1869இல் சோஃபியா ஜெக்ஸ்-பிளேக்கும் இன்னும் சில பெண்களும் மருத்துவம் படிக்க இங்கே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்கள். ஏழு பேர். பிரிட்டனில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் பெண்கள் அவர்கள்தான். 1870 நவம்பர் 18 அன்று உடற்கூறியல் தேர்வு எழுத வந்தபோது நூற்றுக்கணக்கானவர்கள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றார்கள். சேற்றை வாரி எறிந்தார்கள், முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள். கூடப் படித்த நல்லவர் ஒருவர் உள்ளேயிருந்து திறந்துவிட, சேறு படிந்த உடையோடு போய்த் தேர்வு எழுதியிருக்கிறார்கள். கடைசியில் பட்டம் கொடுக்கவில்லை. பட்டம் கிடைத்தது 2019இல், அவர்கள் யாரும் உயிரோடு இல்லாதபோது.

அந்தக் கதவுக்கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். நான் நர்ஸிங் சேரும்போது "பெண்ணை எதற்கு அவ்வளவு தூரம் அனுப்பணும்" என்று சொந்தத்தில் எத்தனை பேர் சொன்னார்கள். நீங்கள் யாருக்கும் பதில் சொல்லாமல் ஃபீஸ் கட்டிவிட்டு வந்தீர்கள். அதை நான் உங்களிடம் ஒருதடவைகூடச் சொன்னதில்லை, இப்போது எழுதிவிட்டேன்.

சர்ஜன்ஸ் ஹாலிலிருந்து என் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தே வந்துவிடலாம். இத்தனை நாள் பஸ் ஜன்னல் வழியாக அதைக் கடந்து போயிருக்கிறேன்.

ஜூனில் விசா கிடைத்தால் அவசியம் வாருங்கள். இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், நிதானமாக நடக்கலாம். அம்மாவின் முழங்காலுக்கு அந்தச் சந்துப் படிகள் கஷ்டம்தான், ஆனால் 1590 வாசல் வரை நான் கைபிடித்து இறக்கிவிடுவேன். அடியில் பிடிமானம் உள்ள செருப்பு இரண்டு பேருக்கும் வேண்டும்.

ஒரு உதவி. எம்டன் குண்டு போட்ட ராத்திரியைப் பற்றி உங்கள் தாத்தா ஏதோ சொல்வார் என்று சின்ன வயதில் சொல்லியிருக்கிறீர்கள், எனக்குப் பாதிதான் நினைவிருக்கிறது. முழுதாக எழுதி அனுப்புங்கள். அந்த அம்மாள் கேட்டிருக்கிறார்.

அன்புடன்,
உங்கள் மகள்