உம்மட அல்பத்துக்குள்ள எங்கட பருத்தித்துறை

அன்புச் சிநேகிதிக்கு,

உம்மட கடிதம் கிடைச்சது. மகளுக்குப் பொடியன் பிறந்த செய்தி கேட்டு இஞ்ச எல்லாருக்கும் நல்ல புளுகம், தாயும் பிள்ளையும் சுகமா இருக்கினம் எண்டதே பெரிய ஆறுதல். பத்தியச் சரக்கு ஸ்காபரோக் கடையளில எடுக்கலாம் எண்டு எழுதியிருந்தீர், எண்டாலும் இஞ்ச வறுத்து இடிச்சது கொஞ்சம் ஆரும் வாறவையிட்டக் குடுத்து விடுறன். எங்கட பாடு பரவாயில்லை. வாடை தொடங்கிட்டுது, இரவில கடல் இரையிறது படுக்கைக்கே கேக்குது. இவருக்குச் சீனி கொஞ்சம் கூடிப்போச்செண்டு மந்திகை ஆஸ்பத்திரியில மருந்தை மாத்தினவை, வேற பயப்பிட ஒண்டுமில்லை.

ஊர்ப் பழைய போட்டோக்களையும் வயதுபோன ஆக்களின்ர கதையளையும் நாங்கள் கொஞ்சப்பேர் சேர்க்கிறம் எண்டு போனில சொன்னனான் எல்லே. அதைப் பற்றி விளக்கமா எழுதவேணும் எண்டு கனநாளா நினைச்சனான், ஏனெண்டா அதில உம்மட வேலையும் கொஞ்சம் இருக்கு.

தும்பளையில ஒரு வீட்டில ஒரு செத்தவீட்டுப் படம் கிடைச்சது. அந்தக் காலத்தில ஸ்ரூடியோக்காரரைக் கூப்பிட்டுப் பிரேதத்தைச் சுத்திக் குடும்பம் முழுக்க நிண்டு எடுக்கிற படம் நினைவிருக்கே, இப்ப உள்ள பிள்ளையள் அதைப் பாத்தா அந்தரப்பட்டுத் தூக்கி எறிஞ்சுபோடுங்கள், ஆனா கலியாணப் படத்தைவிட இதிலதான் ஒரு பகுதியின்ர ஆக்கள் எல்லாரும் நிப்பினம், கலியாணத்துக்கு வராட்டியும் செத்தவீட்டுக்கு வராமல் விடமாட்டினம் எல்லே. முத்தத்தில பந்தல், நடுவில பெட்டி, சின்னனுகள் முன்னால நிலத்தில இருக்குதுகள், அதில ஒரு பொடியன் கமராவைப் பாக்காமல் வேலியில கட்டின ஆட்டைப் பாத்துக்கொண்டிருக்கிறான். பின்பக்கத்தில நீல மையில ஸ்ரூடியோ சீல் மட்டும், ஒரு பேரும் இல்லை, ஒரு திகதியும் இல்லை. வீட்டுக்காரருக்கே அஞ்சாறு பேரைத்தான் தெரிஞ்சுது.

அந்தப் படத்தை ஓடக்கரையில ஒரு ஆச்சியிட்டக் கொண்டுபோனம். தொண்ணூறுக்குக் கிட்ட வயது, ஒரு கண்தான் வடிவாத் தெரியும். அவ முகங்களைப் பாக்கேல்லை, முதல் பாத்தது காதையும் கழுத்தையும். “இந்த அட்டியல் சின்னம்மாவின்ர, புயலுக்குள்ள வள்ளம் போனாப்போல ஈடு வைச்சது, பேந்து மீளவேயில்லை, அப்ப இது அதுக்கு முந்தின படம்” எண்டா. அவ சொன்னது 1964 டிசம்பர்ப் புயலை, தனுஷ்கோடியை அழிச்ச அதே புயல். ஒரு அட்டியலை வைச்சுப் படத்தின்ர காலத்தைச் சொல்லிப்போட்டா. அதோட விடேல்லை, மூத்தவர் ஏன் படத்தில இல்லை எண்டு கேட்டம், வேலி தள்ளிப்போட்ட பிரச்சினையில அண்ணன் தம்பி பேச்சுப் பறைச்சல் இல்லாமல் இருந்ததாம், அவர் ஒழுங்கையிலயே நிண்டுட்டுப் போனவராம். கடைசியில, பந்தலுக்கு வெளியில பாதி உடம்பு வெட்டுப்பட்டு ஒராள் நிக்கிறார், அவரை வீட்டுக்காரர் “ஆரோ” எண்டுதான் சொன்னவை. செத்தவீட்டு வேலை முழுக்கச் செய்த மனுசன் அவர்தான் எண்டு ஆச்சி பேர் சொல்லி, அவரின்ர பெண்சாதி பிள்ளையளின்ர பேரும் சொன்னா. அந்தப் பேர் இப்ப எங்கட பதிவில இருக்கு.

இதுக்காகத்தான் மினக்கெடுறம். போட்டோவை மட்டும் ஸ்கேன் பண்ணி வைச்சா அம்பது வருசத்தால ஆரெண்டு தெரியாத முகங்கள்தான் மிஞ்சும். சும்மா போய் “பழைய காலத்தைச் சொல்லுங்கோ” எண்டு கேட்டா, அந்தக் காலத்தில எல்லாம் நல்லா இருந்தது எண்டதோட கதை நிண்டுபோம். படத்தைக் கையில குடுத்திட்டு றெக்கோடரைப் போட்டாத்தான் கதை வரும், அதுவும் ரெண்டுபேர் இருந்தா இன்னும் நல்லது, ஒராள் சொல்ல மற்றாள் “இல்லையப்பா அது அவளில்லை, அவளின்ர தங்கச்சி” எண்டு மறிக்க, அதுக்குள்ள இருந்து ஊர் வெளியில வரும். ரெண்டுபேர் ரெண்டு விதமாச் சொன்னா ரெண்டையும் அப்பிடியே வைக்கிறம், எது சரி எண்டு நாங்கள் வெட்டித் திருத்திறேல்லை.

இன்னொண்டும் சொல்லவேணும். படம் எடுக்க வசதி இருந்த வீடுகள்தான் படத்தில இருக்கு. கடற்தொழில் செய்த சனம், கள்ளுச் சீவினவை, வீட்டுவேலைக்கு நிண்ட பெண்டுகள், இவையின்ர படங்கள் கிடைக்கிறது அருமை, கிடைச்சாலும் ஓரத்திலதான். 1968இல மாவிட்டபுரத்தில கோயிலுக்குள்ள விடச்சொல்லி ஒடுக்கப்பட்ட சாதிச் சனம் போராடின காலத்தை அனுபவிச்ச ஆக்கள் இன்னும் இருக்கினம், அவையின்ர வாயால கேட்டுப் பதிஞ்சு வைக்காட்டி நாளைக்கு எங்கட ஊர்ச் சரித்திரம் எண்டு வாறது கல்வீட்டுக்காரரின்ர சரித்திரமாத்தான் இருக்கும். அதே மாதிரித்தான் 1990 ஒக்ரோபரில வெளியேத்தப்பட்ட எங்கட முஸ்லிம் சனம். பள்ளிவாசலுக்குப் பக்கத்தில கடை வைச்சிருந்தவையின்ர பேரப்பிள்ளையள் புத்தளத்தில இருக்கினம், அங்க ஒருக்காப் போய் அவையிட்ட என்ன இருக்கு, எங்களைப் பற்றி என்ன சொல்லுகினம் எண்டு கேக்கவேணும், அது கேக்கக் கஸ்ரமான கதையா இருந்தாலும் கேக்கத்தான் வேணும்.

இப்ப உம்மட விசயத்துக்கு வாறன். எங்கட ஊர்ப் படங்கள் ஊரில இல்லை. 87 மே மாதம் ஆமியின்ர லிபரேசன் ஒப்பரேசனுக்குள்ள கோயிலுக்கு ஓடேக்க ஆர் அல்பம் தூக்கினது, காணி உறுதி, ஐடென்ரிக் காட், பிள்ளையின்ர பேர்த் சேட்டிபிக்கற், நகை, அவ்வளவுதான். திரும்பி வந்தா மழையும் கறையானும். 2004 சுனாமிக்குக் கரையோர வீடுகளில மிச்சமிருந்ததும் போட்டுது. சில படங்களை வீட்டுக்காரரே கிழிச்சும் எரிச்சும் போட்டவை, ஏனெண்டு உமக்கு நான் எழுதத் தேவையில்லை. கறுத்த மட்டை அல்பத்தில நாலு மூலையும் ஒட்டினபடி இருக்கு, நடுவில படம் இல்லை, அப்பிடிப் பக்கங்கள் கனக்கப் பாத்திட்டன். அந்தப் பக்கங்களையும் படம் எடுத்து வைக்கிறம். தாய்மார் சொல்லச் சம்மதிச்சதை மட்டும் எழுதுறம், பேர் போடவேண்டாம் எண்டா போடுறேல்லை, பிறகு மனம் மாறி எடுக்கச் சொன்னாலும் எடுக்கிறது எண்டு தொடக்கத்திலயே சொல்லித்தான் றெக்கோட் பண்ணுறம்.

தப்பினது எது எண்டு பாத்தா, கடிதத்துக்குள்ள வைச்சுத் தபாலில வெளிநாட்டுக்கு அனுப்பின படங்கள்தான். சாமத்தியவீடு, வீடுகுடிபூரல், தேர்த்திருவிழா, “இதுதான் புதுக்கிணறு” எண்டு கிணத்துக்குப் பக்கத்தில அப்பா நிண்டு எடுத்தது, எல்லாம் லண்டனிலயும் பாரிசிலயும் ரொறன்ரோவிலயும் கட்டிலுக்குக் கீழ பெட்டிக்குள்ள கிடக்கு. படம் அங்க, படத்தில நிக்கிறது ஆரெண்டு தெரிஞ்ச சனம் இஞ்ச, அதுவும் வருசத்துக்கு வருசம் குறையுது. பக்கத்து வல்வெட்டித்துறையில கட்டின அன்னபூரணி எண்ட பாய்க்கப்பல் 1938இல எங்கட ஆக்கள் ஓட்டி அமெரிக்காவில குளொஸ்ரர் வரைக்கும் போனது எல்லே, அங்க இறங்கினதை அந்த ஊர்ப் பேப்பர்காரர் எழுதி வைச்சவை, ஆனா அந்தப் பயணத்தை வீட்டில என்ன கதைச்சவை, பெண்டுகள் எப்பிடி நாளை எண்ணிக்கொண்டிருந்தவை எண்டதை அந்த நேரம் ஆரும் கேட்டு எழுதியிருந்தா எவ்வளவு பெறுமதியா இருந்திருக்கும்.

ஆனபடியா இதைச் செய்யும். அல்பத்தில இருந்து படத்தைப் பிய்க்காதையும், உந்த எண்பதாம் ஆண்டு ஒட்டுற பிளாஸ்ரிக் அல்பம் எண்டா இழுக்க மேல்தோல் உரிஞ்சுபோம், அப்பிடியே வைச்சு ஜன்னல் வெளிச்சத்தில பிளாஷ் இல்லாமல் எடும். கழண்டு வாற படமெண்டா 600 டிபிஐயில ஸ்கேன், முன்னும் பின்னும். பின்பக்கத்தை மறந்துபோகாதையும், கையெழுத்து, சீல், கடிதத்தில ஒட்டின அடையாளம் எல்லாம் அங்கதான் இருக்கு. பேர் எழுதிறதெண்டா மெல்லிசாப் பென்சிலால, போல்பொயின்ற் பேனை வேண்டாம், அது முன்னுக்குத் தள்ளிக்கொண்டு வரும். கலர்ப் படங்களை முதல் செய்யும், அந்த நாள் கலர் சிவந்து மங்கிக்கொண்டே போகுது, கறுப்பு வெள்ளை இன்னும் கொஞ்சக்காலம் தாக்குப்பிடிக்கும். வட்ஸ்அப்பில போட்டோவா அனுப்பினா அது சுருக்கிப்போடும், டொக்கியூமென்றா அனுப்பும்.

உம்மட அம்மாவின்ர கசெற்றுகள் இன்னும் இருக்கோ? எண்பதுகளில கடிதத்துக்குப் பதிலா கசெற்றில கதைச்சு அனுப்பிறவை எல்லே, அம்மம்மா கதைக்கேக்க பின்னால காகம் கத்தும், ஆரோ தேங்காய் திருவுற சத்தம் கேக்கும். அது நாங்கள் போய்ச் செய்யிற ஒரு நேர்காணலிலயும் கிடைக்காது, ஏனெண்டா மனுசி தன்ர பிள்ளையோட கதைக்கிறா, எங்களோட இல்லை. பூஞ்சணம் பிடிச்சிருந்தா பிளேயரில போட்டுப் பாக்காதையும், ரேப் அறுந்துபோம், தெரிஞ்ச ஆளிட்டக் குடுத்துக் கொம்பியூட்டருக்கு மாத்துவியும்.

எல்லாத்திலயும் ஒரு கொப்பி எங்களிட்ட, ஒண்டு உங்களிட்ட, மற்றது 2005இல தொடங்கின நூலகம் இணையத்தளத்தின்ர ஆக்களிட்ட, அவை புத்தகங்களோட போட்டோ, வாய்மொழிப் பதிவுகளையும் சேர்த்து வைக்கினம். 1981இல யாழ்ப்பாண நூலகத்தில 97,000 புத்தகம் வரையில ஓரிரவில எரிஞ்சது, ஒரு கட்டிடத்துக்குள்ள மட்டும் ஒரு சாமானை வைக்கிறதுக்கு எனக்கு மனம் வராது.

நான் குறிப்பாத் தேடுறது ரெண்டு படம். உம்மட பெரியப்பா ஆளும் சாமானும் ஏத்தி ஓடின கொடிகாமத் தட்டிவானுக்குப் பக்கத்தில நிண்டு எடுத்தது ஒண்டு, அதில பின்னால தேங்காய்ச் சாக்கு ஏத்துற ஆக்களின்ர முகம் தெரியும் எண்டு நினைக்கிறன். மற்றது தெருமூடி மடத்துக்குள்ள திண்ணையில நாங்கள் பெட்டையள் எல்லாம் இருந்து எடுத்த படம். மடம் இப்பவும் அப்பிடியே ரோட்டை மூடிக்கொண்டு நிக்குது, சைக்கிளும் ஓட்டோவும் நடுவால போகுது, ஆனா அந்தப் பின்னேரங்களில மற்றத் திண்ணையில படுத்திருந்த கிழவர், வட்டிலோட வடை விக்க வந்த மனுசி, இவை ஆர் எவடம் எண்டு இஞ்ச ஒருத்தருக்கும் நினைவில்லை. அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும்.

அம்மா இன்னும் தெளிவாக் கதைக்கிறா எண்டு எழுதியிருந்தீர். ஞாயிறு உங்கட காலமை எடுக்கிறன், எங்களுக்கு இரவாகும் பரவாயில்லை. ஃபானை நிப்பாட்டி வையும், போனை அவவுக்குக் கிட்ட வையும், படத்தைக் கையில குடும், இடையில நீர் கதைக்காமல் இரும். களைச்சால் நிப்பாட்டிப்போட்டு அடுத்த கிழமை பாப்பம். நீரும் உம்மட பெறாமக்களிட்ட, கோயிலுக்கு வாற எங்கட ஊர் ஆக்களிட்ட சொல்லி வையும், ஆருக்கும் சந்தேகம் இருந்தா என்ர நம்பரைக் குடும்.

பேரனுக்கு என்ர முத்தம். இவரும் சுகம் கேட்டவர்.

அன்போட,
உம்மட பழைய வாங்குச் சிநேகிதி