கிட்டார் வாசித்தவர் எடி ஹின்டன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மசில் ஷோல்ஸ் ஒலிப்பதிவுக் கூடங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழ் நாளிதழில் அப்படி ஒரு கட்டுரை வந்ததே பெரிய சந்தோஷம். எழுதியவருக்கு என் நன்றியைச் சொல்லிவிடுங்கள். அரேதா ஃபிராங்க்ளின், வில்சன் பிக்கெட், ரோலிங் ஸ்டோன்ஸ் என்று அங்கே வந்து பாடிவிட்டுப் போனவர்கள் எல்லோரும் கட்டுரையில் இருக்கிறார்கள். கிட்டார்காரர்களில் டுவேன் ஆல்மனும் இருக்கிறார். எடி ஹின்டன் இல்லை. அந்த ஒரு பெயருக்காகத்தான் இதை எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கவுந்தப்பாடிக்காரன். ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுவது பிழைப்பு. நோம்பி, அதாவது கோயில் திருவிழா சீசன் வந்துவிட்டால் மெல்லிசைக் குழுவில் லீட் கிட்டார். அந்தியூர், கோபி, சத்தி, பெருந்துறைப் பக்கத்துக் கோயில் மேடைகளில் வாசிக்கிறவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

எடி ஹின்டன் 1944 ஜூன் 15 அன்று ஃபுளோரிடாவில் பிறந்தார். வளர்ந்தது அலபாமாவின் டஸ்கலூசா நகரத்தில். 1967 முதல் 1971 வரை மசில் ஷோல்ஸ் பதிவுகளில் லீட் கிட்டார் வாசித்தவர். பெர்சி ஸ்லெட்ஜ், ஸ்டேபிள் சிங்கர்ஸ் போன்றவர்களின் பாடல்களில் அவர் விரல் இருக்கிறது. பாஸ் ஸ்காக்ஸ் 1969இல் வெளியிட்ட ஆல்பத்தில் டுவேன் ஆல்மனோடு இவரும் வாசித்திருக்கிறார். அந்த ஆல்பத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் டுவேன் ஆல்மனை மட்டும் எழுதிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள்.

அங்கே பதிவு எப்படி நடக்கும் என்பதைச் சொன்னால்தான் என் ஆதங்கம் புரியும். நம் சினிமா ஒலிப்பதிவில் இளையராஜா போன்றவர்கள் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் என்ன வாசிக்க வேண்டும் என்று நோட்ஸ் எழுதிக் கையில் கொடுத்துவிடுவார்கள். வாசிப்பவரின் திறமை அதை உயிரோடு வாசிப்பதில் இருக்கிறது. மசில் ஷோல்ஸில் அப்படிக் கிடையாது. பாட்டை ஒரு தடவை பாடிக் காட்டுவார்கள், அல்லது மாதிரிப் பதிவைப் போட்டுக் காட்டுவார்கள். வாத்தியக்காரர்கள் கார்டுகளை (chord, சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டு) மட்டும் எண்களாகக் குறித்துக்கொண்டு உட்கார்ந்து, தங்கள் தங்கள் பகுதியைத் தாங்களே கண்டுபிடிப்பார்கள். டிரம்ஸ் என்ன தாளம், பேஸ் கிட்டார் எங்கே நிற்க வேண்டும், கிட்டார் எங்கே நுழைய வேண்டும் என்பதெல்லாம் அந்த அறைக்குள்ளேயே பிறக்கும். அப்படியென்றால் நாம் முணுமுணுக்கும் அந்த கிட்டார் வரி, வாசித்தவரே இயற்றியது. ஆனால் கூலி வழக்கமாக ஒரு செஷனுக்கு இவ்வளவு என்றுதான். தட்டு லட்சக்கணக்கில் விற்றாலும் அதற்குமேல் சல்லிக்காசு வராது. அப்புறம் அவர்களுக்கு மிச்சமாக இருக்கக்கூடியது பெயர் ஒன்றுதான்.

அந்தப் பெயரும் ஹின்டனுக்கு எப்படித் தவறிப்போனது என்பதற்கு ஒரு பாட்டு சாட்சி. ஸ்டேபிள் சிங்கர்ஸ் பாடிய 'ஐல் டேக் யூ தேர்'. 1972இல் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் போன பாட்டு. இரண்டே கார்டு, சி-யும் எஃப்-பும், முழுப் பாட்டுக்கும் அவ்வளவுதான். ஜமைக்கா இசை ஒன்றிலிருந்து எடுத்த தொடக்கம். நடுவில் பாட்டு வரிகள் நின்றுபோய், அந்தக் குடும்பக் குழுவின் பாடகி மேவிஸ் ஸ்டேபிள்ஸ் வாத்தியக்காரர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்கிறார். பேஸ் வாசிக்கிற டேவிட் ஹூடைப் பெயர் சொல்லி அழைக்கிறார். கிட்டார் சோலோ, அதாவது தனி வாசிப்பு வரும்போது 'டாடி' என்று கூப்பிடுகிறார். டாடி என்றால் அவருடைய அப்பா பாப்ஸ் ஸ்டேபிள்ஸ். அவரும் அருமையான கிட்டார் கலைஞர், அதில் இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் அந்தப் பதிவில் நாம் கேட்கிற சோலோ எடி ஹின்டன் வாசித்தது. அது வெளிவந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. அந்தப் பாட்டு ஒலிக்கிற ஒவ்வொரு முறையும், ஒலிக்கிற ஒவ்வொரு ஊரிலும், அவர் வாசிப்புக்கு வேறொருவர் பெயர் கூப்பிடப்படுகிறது.

மேவிஸைக் குறை சொல்லவில்லை. பாட்டின் உற்சாகத்தில் ஒரு மகள் அப்பாவைக் கூப்பிடுகிறாள், அது பாட்டுக்கு அழகாகவே இருக்கிறது. தெரிந்தவர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதுதான் என் பேச்சு.

அந்த சோலோவை விரலுக்குக் கொண்டுவர நான் ராத்திரி நேரங்களில் உட்கார்ந்திருக்கிறேன். கேட்கும்போது இதில் என்ன பெரிய பிரமாதம் என்று தோன்றும், நோட்டுகள் அவ்வளவு குறைவு. மேடையில் எங்களுக்கு சோலோ கிடைத்தால் கிடைத்த இடத்தையெல்லாம் ரொப்பிவிடுவோம். விசில் வர வேண்டுமே. ஹின்டன் ஒரு சின்ன வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார். மேவிஸ் ஏதாவது சொல்லும்வரை காத்திருக்கிறார். அவர் சொன்னதற்குப் பதில் போல இன்னொரு துண்டு. கம்பியை அமுக்கியபடி தட்டுவதால் ஒலி நீளாமல் சட்டென்று அறுந்துவிடுகிறது. நோட்டுகள் எனக்கு ஒரே ராத்திரியில் பிடிபட்டுவிட்டன. அந்த நிறுத்தங்கள் இன்னும் பிடிபடவில்லை. டிரம்ஸ் வாசிக்கிற ரோஜர் ஹாக்கின்ஸைக் கேட்டுக்கொண்டே வாசித்தால்தான் அது வரும் என்று இப்போது புரிகிறது.

இதுவரை சொன்னது கிட்டார் மட்டும்தான். அவர் குரலைப் பற்றி எப்படிச் சொல்வது? எங்கள் பக்கம் அண்ணன்மார் கதையை உடுக்கையடித்துப் பாடுவார்கள். படுகளத்தில் அண்ணன்மார் விழுந்து கிடக்க, தங்காள் அழுகிற இடம் வரும்போது பாடுகிறவரின் தொண்டை உடைந்து, பாட்டுக்கும் அழுகைக்கும் நடுவில் ஒரு சத்தம் வரும். விடியற்காலை மூன்று மணிக்கு அதைக் கேட்டவர்களுக்கு ஹின்டன் குரலை நான் விளக்க வேண்டியதில்லை. அவர் வெள்ளைக்காரர். கறுப்பின சோல் பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங்கைத் தெய்வமாக நினைத்தவர். 1963 ஜூனில், கறுப்பின மாணவர்கள் இரண்டு பேர் அலபாமா பல்கலைக்கழகத்தில் சேரக் கூடாதென்று ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் வாசலை மறித்து நின்ற நகரம் அதே டஸ்கலூசாதான். அந்த ஊரில் வளர்ந்த ஒரு வெள்ளைக்காரப் பையன் தேவாலயத்துக் கறுப்பினப் பாட்டையும் நாட்டுப்புற கன்ட்ரி பாட்டையும் ஒரே தொண்டையில் சேர்த்துப் பாடினான். இதைத்தான் கன்ட்ரி சோல் என்கிறார்கள். சோல் இசையை உருவாக்கியவர்கள் கறுப்பின மக்கள். ஹின்டனை எவ்வளவு புகழ்ந்தாலும் அதை மறக்கக் கூடாது. அவரும் மறக்கவில்லை. அட்லாண்டிக் நிறுவனத்தின் ஜெர்ரி வெக்ஸ்லர், ரே சார்ல்ஸையும் அரேதாவையும் பதிவு செய்த மனிதர். ஹின்டன் பாடியது போலி இல்லை, பிக்கெட், ஓட்டிஸ் போலவே நிஜம் என்று அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். இதற்கு மேல் யார் சான்று தர வேண்டும்?

சரி, பாட்டு எழுதியதற்கு வருகிறேன். இங்கிலாந்துப் பாடகி டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டின் 'டஸ்டி இன் மெம்ஃபிஸ்' 1969இல் வந்த புகழ்பெற்ற ஆல்பம். அதில் உள்ள 'பிரேக்ஃபாஸ்ட் இன் பெட்' ஹின்டனும் டானி ஃபிரிட்ஸும் சேர்ந்து எழுதியது. ஒருத்தி, வேறொரு பெண்ணால் மனம் நொந்து அழுதுகொண்டு தன் வாசலுக்கு வருகிறவனை உள்ளே அழைத்துத் தேற்றுகிறாள். அவன் தனக்குச் சொந்தமில்லை என்று அவளுக்குத் தெரியும். காதலிக்கிறேன் என்றுகூட நீ சொல்ல வேண்டியதில்லை என்கிறாள். அந்த வரி டஸ்டி அதற்கு முன்னால் பாடிப் பெயர்பெற்ற ஒரு பாட்டின் தலைப்பும்கூட. பாடப்போகிறவரின் பழைய பாட்டையே இந்தப் பெண்ணின் வாயில் வைத்து, ஆனால் அது ஒட்டவைத்ததாகத் தெரியாமல் எழுதியிருக்கிறார்கள். அதே பாட்டை ஜமைக்காவின் லோர்னா பென்னட் ரெகேயாகப் பாடினார். 1988இல் யூபி40 குழு கிரிஸ்ஸி ஹைண்டோடு மறுபடி பாடியது. பெர்சி ஸ்லெட்ஜ் பாடிய 'கவர் மீ'யும் ஹின்டன், மார்லின் கிரீனுடன் சேர்ந்து எழுதியதுதான்.

எனக்கு அவர் அறிமுகமானது திருப்பூர் வழியாக. மச்சான் அங்கே ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தார். சுவீடனிலிருந்து வந்த பையர் ஒருவர், மச்சான் வீட்டில் கிட்டார் இருந்ததைப் பார்த்துவிட்டு அடுத்த முறை வரும்போது ஒரு காப்பி சிடி கொண்டுவந்து கொடுத்தார். 'லெட்டர்ஸ் ஃப்ரம் மிசிசிப்பி'. கிட்டார் என்னுடையது, ஆகவே சிடியும் என்னிடம் வந்து சேர்ந்தது. எண்பதுகளின் பின்பாதியில் அந்த ஆல்பத்தை முதலில் வெளியிட்டது சுவீடன் நாட்டு நிறுவனம் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. சொந்த ஊரில் வெளியிட ஆள் இல்லாததை வெளிநாட்டுக்காரன் வெளியிட்டிருக்கிறான்.

அதற்குள் ஹின்டனின் வாழ்க்கை சிதறியிருந்தது. 1978இல் 'வெரி எக்ஸ்ட்ரீம்லி டேஞ்சரஸ்' என்ற தன் முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்தார். தயாரித்தவர் பழைய கூட்டாளி பேரி பெக்கெட். வெளியிட்ட கேப்ரிகார்ன் நிறுவனத்தின் முதலாளி ஃபில் வால்டன் ஒரு காலத்தில் ஓட்டிஸ் ரெட்டிங்கின் மேனேஜராக இருந்தவர். இதைவிட நல்ல நேரம் ஒருவருக்கு அமையாது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். அடுத்த வருடமே கேப்ரிகார்ன் திவாலானது. ஆல்பமும் அதோடு சேர்ந்து மூழ்கியது. அப்புறம் மனநோய், குடி, தங்க இடமில்லாத நாட்கள். டிகேட்டர் என்ற ஊரில் அந்த நிலையில் இருந்தவரைப் பழைய நண்பர் ஜான் வைக்கர் பார்த்து, கூட்டிப்போய், மறுபடி பாடவைத்தார். அந்தப் பதிவுகளிலிருந்து வந்ததுதான் என் கையில் கிடைத்த சிடி. அதில் குரல் இன்னும் கரகரத்திருக்கும். சில பாட்டுகளில் கூட வாசிப்பவர்கள் அவருக்கு ஈடுகொடுக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் அவர் வாயைத் திறந்தால் மற்றதெல்லாம் மறந்துபோகும்.

1995 ஜூலை 28 அன்று அலபாமாவின் பர்மிங்ஹாமில் மாரடைப்பால் போய்ச் சேர்ந்தார். வயது 51. பாதியில் நின்ற பதிவுகளை நண்பர் ஜானி சாண்ட்லின் முடித்துக்கொடுக்க, 1999இல் 'ஹார்ட் லக் கை' வந்தது. டேவிட் ஹூடின் மகன் பேட்டர்சன் ஹூட் தன்னுடைய டிரைவ்-பை டிரக்கர்ஸ் குழுவோடு 2011 ஆல்பத்தில் ஹின்டனின் பாட்டுகளைப் பாடியிருக்கிறார். ஒரு வாத்தியக்காரரின் பிள்ளைதான் இன்னொரு வாத்தியக்காரரை ஞாபகம் வைத்திருக்கிறார், பாருங்கள்.

புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் 1978 ஆல்பத்திலிருந்து தொடங்கலாம். அதில் ஓட்டிஸின் ஆரம்பகாலப் பாட்டு ஒன்றை அவர் பாடியிருப்பதைக் கேட்டுவிட்டு மேலே போங்கள். ஆனால் எனக்குப் பிடித்தவை, 2000க்குப் பிறகு இங்கிலாந்தில் வெளிவந்த அவருடைய மாதிரிப் பதிவுகள். வேறொருவர் பாடுவதற்காகப் பாடிக்காட்டிய பாட்டுகள் அவை. பல இடங்களில் அவர் குரலும் வாத்தியமும் மட்டும்தான். முழு ஆர்க்கெஸ்ட்ரா வைத்துப் பாடிய எத்தனையோ பேரை அது ஓரங்கட்டிவிடும்.

நம் ஊர் விஷயம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 'இளைய நிலா' பாட்டின் கிட்டாரை முணுமுணுக்காத தமிழர் இருக்க முடியாது. அதை வாசித்தவர் சந்திரசேகர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? எங்கள் பக்கத்து நோம்பி நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். உபயதாரர் பெயர், அவர் தம்பி பெயர், பந்தல்காரர் பெயர், பாடகர்கள் போட்டோவோடு. கீ போர்டு, கிட்டார், பேட், தபேலா எல்லாம் சேர்த்து 'மற்றும் குழுவினர்'. ஒருமுறை ஒரு மேடையில் எங்கள் தபேலாக்காரர் வாசித்த வாசிப்புக்குக் கூட்டம் எழுந்து நின்று தட்டியது. அறிவிப்பாளர் மைக்கை வாங்கிப் பாடகருக்கு நன்றி சொன்னார். தபேலாக்காரர் தலையைக் குனிந்து சுத்தியலால் வாரைத் தட்டி சுதி சேர்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்கு அறுபது வயதுக்கு மேல்.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் இணைப்பில் பழைய பாடல்களைப் பற்றிப் பத்தி வருகிறது. பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயரோடு, தெரிகிற இடங்களில் வாசித்தவர் பெயரையும் ஒரு வரி போடச் சொல்லுங்கள். ஜூலை 28ஐ ஒட்டி வரும் ஞாயிறு இணைப்பில் எடி ஹின்டனுக்கு அரைப் பக்கம் ஒதுக்கினால் போதும். எழுத ஆள் கிடைக்கவில்லை என்றால் நானே எழுதித் தருகிறேன். ஆடி நோம்பி நெருக்கத்தில் இருப்பேன் என்பதால் ஒரு வாரம் முன்னால் தகவல் சொன்னால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
மெல்லிசைக் குழு கிட்டார் கலைஞர் ஒருவர்,
கவுந்தப்பாடி, ஈரோடு மாவட்டம்.