யாழ்ப்பாணத்து முதலாளிமாருக்கு: கேற்றடிக் கொப்பிய ஒருக்கா எடுத்துப் பாருங்கோ

வணக்கம் ஐயாமார், அம்மாமார், டிரெக்டர்மார் எல்லாருக்கும்,

நான் உங்களில ஒருத்தற்ற கம்பனியில கணக்குப் பகுதியில இருக்கிறன். எந்தக் கம்பனி எண்டு சொல்லமாட்டன், சொன்னா நாளைக்கு எனக்கு வேலை இருக்காது, சொல்லவேண்டிய தேவையும் இல்லை ஏனெண்டால் பேரை மாத்திப் போட்டு வாசிச்சா இது உங்களில கன பேற்ற கதைதான். கோபிக்காம முழுக்க வாசியுங்கோ.

போன வருசம் ஒரு ஹோட்டல் ஹோல்ல எங்களுக்கு ஒரு பட்டறை நடந்தது, சூழல், சமூகப் பிரச்சினையளில கம்பனி எதை முதல் கவனிக்கவேணும் எண்டு தீர்மானிக்க. கொழும்பில இருந்து ஒரு கொன்சல்டன்ற் வந்தவர், நல்ல மனிசன், பிழை சொல்லேலாது. சுவரில பெரிய தாள் ஒட்டி அதில 20 தலைப்பு எழுதியிருந்தது: தண்ணி, மின்சாரம், பிளாஸ்ரிக், தொழிலாளர் பாதுகாப்பு, மரநடுகை, லஞ்சம், உயிர்ப்பல்வகைமை, இப்பிடி. ஆளுக்கு அஞ்சு பச்சை ஸ்ரிக்கர் தந்து "எது முக்கியம் எண்டு நினைக்கிறியளோ அதில ஒட்டுங்கோ" எண்டார். ஒட்டினம். எண்ணிப் பாத்தா மரநடுகை முதலாவது, நிலத்தடித் தண்ணி ஒன்பதாவது. ஒன்பதாவது எண்டு நான் எக்செல்ல அடிக்கேக்க எங்கட மேசையில ஆளுக்கொரு தண்ணிப் போத்தல் நிண்டது, கடையில வாங்கினது.

அந்த ஹோல்ல ஆர் இருந்தது எண்டு யோசிச்சுப் பாருங்கோ. டிரெக்டர்மார், மனேச்சர்மார், பேங்கில இருந்து ஒருத்தர், ரெண்டு டீலர்மார். எங்கட மதிலுக்கு அங்கால வெங்காயமும் மிளகாயும் செய்யிற தோட்டக்காரர் ஒருத்தரும் இல்லை, பக்கிங் செய்யிற பிள்ளையள் இல்லை, லொறி ஓடுற அண்ணையும் இல்லை. பிறகு அறிக்கையில வடிவா எழுதினம், "பங்குதாரர்களின் கருத்துக் கேட்டு முன்னுரிமை தீர்மானிக்கப்பட்டது" எண்டு. அதை எழுதினதும் நான்தான், அந்த வெக்கத்திலதான் இந்தக் கடிதமும் எழுதுறன்.

மரநடுகை நடந்தது, அதையும் சொல்லிப்போடுறன். ஜூன் 5, உலக சுற்றாடல் தினம், பனரோட ஃபோட்டோ, 100 வேம்பும் மருதும். எங்கட ஊரில மழை எப்ப? ஐப்பசி கார்த்திகையில. ஜூன்ல நட்டா ஆவணி வெயில் மட்டும் ஆர் தண்ணி ஊத்துறது? ரெண்டு கிழமை பவுசர் விட்டவை, அதுவும் அதே கிணத்துத் தண்ணி, பிறகு விட்டாச்சு. கடைசியா நான் பாக்கேக்க 11 கண்டு உயிரோட நிண்டது.

பட்டறை முடிஞ்சு ரெண்டு கிழமையில ரெண்டாவது குழாய்க்கிணறு அடிக்கக் காசு ஒதுக்கியாச்சு. ஆர் ஒதுக்கினது? வேற ஒரு கொமிற்றி. அவைக்கு அந்த ஸ்ரிக்கர் தாளைப் பற்றியே தெரியாது, கேக்கவும் இல்லை. வவுச்சர் என்ர மேசைக்குத்தான் வந்தது, நான் சைன் வைச்சனான். முன்னுரிமைப் பட்டியல் ஒரு பக்கம், காசு போற வழி இன்னொரு பக்கம், ரெண்டும் ஒரு நாளும் சந்திக்கிறேல்ல.

சரி, முறை எண்டு ஒண்டு இருக்குதுதானே, அதைக் கதைப்பம். தங்கட தொழிலால சூழலுக்கும் சனத்துக்கும் வாற பாதிப்பை அறிக்கையா எழுத உலகத்தில கன கம்பனியள் பாவிக்கிறது ஜி.ஆர்.ஐ. அளவுகோல். அதில 'ஜி.ஆர்.ஐ. 3' எண்டு 2021இல திருத்தி எழுதினது 2023 ஜனவரி 1இல இருந்து நடைமுறையில இருக்குது. அது வாக்கெடுப்பு நடத்தச் சொல்லேல்ல. உங்கட தொழிலால ஆருக்கு, எதுக்கு, என்ன பாதிப்பு எண்டு முதல் பாக்கச் சொல்லுது, பிறகு அந்தப் பாதிப்பு எவ்வளவு மோசம் எண்டு மூண்டு கேள்வி: எவ்வளவு ஆழம், எவ்வளவு பரவல், திருப்பிச் சரிசெய்ய ஏலுமோ ஏலாதோ. ஏற்கனவே நடந்துகொண்டிருக்கிற பாதிப்பெண்டால் இந்த மூண்டும்தான் கணக்கு. இனி நடக்கக்கூடியதெண்டால் நடக்கிற சாத்தியத்தையும் சேர்த்துப் பாக்கோணும், ஆனா மனிச உரிமையோட சம்பந்தப்பட்டதெண்டால் சாத்தியம் குறைவு எண்டு சொல்லி அதைக் கீழ தள்ளேலாது, மோசம்தான் முன்னுக்கு நிக்கும். தண்ணி மனிச உரிமை எண்டு ஐ.நா. பொதுச்சபை 2010இலயே தீர்மானம் எடுத்தாச்சு.

மூண்டாவது கேள்வி, திருப்பிச் சரிசெய்ய ஏலுமோ எண்டது, அதுதான் எங்கட ஊருக்கெண்டே எழுதின மாதிரி. வருசம் முழுக்க ஓடுற ஆறு எங்களுக்கு இல்லை, வழுக்கையாறும் மாரிக்கு மட்டும்தான். குடிக்கிறதும் குளிக்கிறதும் தோட்டத்துக்கு இறைக்கிறதும் சுண்ணாம்புக் கல்லுக்குள்ள நிக்கிற மழைத்தண்ணிதான், அது கீழ நிக்கிற கடல்தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு நிக்குது. 1888இல கீபன் எண்டு ஒருத்தரும் 1901இல ஹெர்ஸ்பேர்க் எண்டு ஒருத்தரும் தனித்தனியாச் சொன்ன கணக்கொண்டு இருக்குது: கடல் மட்டத்துக்கு மேல நல்ல தண்ணி ஒரு அடி நிண்டா, கீழ கிட்டத்தட்ட 40 அடிக்கு நல்ல தண்ணி இருக்கும். அதை மறுவளமாப் பாருங்கோ, மேல ஒரு அடி இறங்க விட்டா கீழ சவர்த்தண்ணி 40 அடி ஏறி வரும். நிலத்துக்குள்ள அப்பிடியே கணக்குப்படி நடக்காது எண்டது எனக்கும் தெரியும், ஆனா போக்கு அதுதான், சவர்த்துப்போன கிணறு நல்ல தண்ணிக்குத் திரும்ப எத்தினை மாரி வேணுமோ. மரம் செத்தா அடுத்த மாரிக்கு இன்னொண்டு நடலாம்.

சுன்னாகத்தை மறந்திருக்க மாட்டியள். மின்னிலையத்தைச் சுத்தின கிணறுகளில எண்ணெய், சனம் பவுசருக்கு வாளியோட காத்து நிண்டது. உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல்ல, அந்த மின்னிலையத்தை நடத்தின கம்பனி பாதிக்கப்பட்ட சனத்துக்கு 2 கோடி ரூபா நட்டஈடு குடுக்கவேணும் எண்டு தீர்ப்புச் சொன்னது. சனம் வீதிக்கு வந்தது 2014, 15 காலம். அந்த இடைவெளியை எண்ணிப் பாருங்கோ. அது தொடங்கேக்க ஆரும் ஸ்ரிக்கர் ஒட்டியிருந்தா 'எண்ணெய்க் கசிவு' எத்தினையாவதா வந்திருக்கும்? காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலைக்கு கல்லு எடுத்த குழியளும் அப்பிடித்தான், தொழிற்சாலை 1990ஓட நிண்டுபோச்சு, குழி இண்டைக்கும் இருக்குது.

இப்ப கேற்றடிக் கொப்பிக்கு வாறன். ஒரு நாள் லொறி நேரம் ஒண்டு சரிபாக்கப் போய் செக்கியூரிற்றி ஐயாவின்ர சீ.ஆர். கொப்பியப் புரட்டினன். வந்த லொறி, போன லொறி, அதுக்கிடையில மனிசன்ர கோணல் எழுத்தில, "பக்கத்துத் தோட்டக்காரர் வந்தவர், கிணறு சவர்க்குதாம், மனேச்சரைப் பாக்கவேணுமாம், மனேச்சர் மீற்றிங்கில." புரட்டப் புரட்ட அதே ஆள், பிறகு வேற ரெண்டு பேர். ஒருக்கா ஒரு போத்தலில தண்ணி கொண்டுவந்து குடுத்திட்டுப் போயிருக்கினம், "போத்தல் மேசைக்குக் கீழ வைச்சிருக்கு" எண்டும் எழுதியிருந்தது. குனிஞ்சு பாத்தன், இருந்தது. கொஞ்சம் நாக்கில வைச்சுப் பாத்தன். ஏழு பக்கத்தில இந்த விசயம் வருது, அதில மூண்டு பதிவு பட்டறைக்கு முதலே எழுதினது. ஹோட்டலுக்கும் கொன்சல்டன்றுக்கும் நாங்கள் குடுத்த காசுக்குக் கிடைக்காத தகவல் அந்த 120 பக்கக் கொப்பியில சும்மா கிடந்தது.

சிலர் சொல்லுவினம், உதெல்லாம் உணர்ச்சி, எங்களுக்கு நம்பர் வேணும் எண்டு. நானும் நம்பர்க்காரன்தான், அதுக்கும் வழி இருக்குது. தோமஸ் சாற்றி எண்டவர் 1970களில செய்த ஒரு முறை, ஏ.எச்.பி. எண்டு சொல்லுறது. இருபதையும் ஒண்டா வைச்சு வாக்குப் போடாம ரெண்டு ரெண்டா எடுத்து இதை விட அது எவ்வளவு முக்கியம் எண்டு 1 தொடக்கம் 9 மட்டும் புள்ளி போடுறது. தண்ணி பிளாஸ்ரிக்கை விட 3 மடங்கு, பிளாஸ்ரிக் மரநடுகையை விட 3 மடங்கு எண்டு சொல்லிப்போட்டு, பிறகு மரநடுகையும் தண்ணியும் சமன் எண்டு சொன்னியளெண்டால் கணக்கு உங்களைப் பிடிச்சிடும், ஏனெண்டால் அது 9இக்குக் கிட்ட வந்திருக்கோணும். முரண்பாட்டு விகிதம் எண்டு ஒண்டு வரும், 0.1ஐத் தாண்டினா திரும்பக் கதையுங்கோ எண்டு அர்த்தம். எக்செல்லிலயே செய்யலாம். எனக்கு அதில பிடிச்சது புள்ளி இல்லை, அந்தத் திரும்பக் கதைக்கிறதுதான். ஆனா பிழையான ஆக்களை இருத்தி ஏ.எச்.பி. செய்தாலும் பிழையான விடைதான் நாலு தசமத்தோட வரும்.

இன்னொரு நழுவல் இருக்குது. கொழும்புப் பங்குச்சந்தையில பெரிய 100 கம்பனியளுக்கு 2025 ஜனவரி 1இல இருந்து எஸ்.எல்.எப்.ஆர்.எஸ். எஸ்1, எஸ்2 எண்டு புது அறிக்கை விதி வந்திருக்குது, "அது எங்களுக்கு இல்லைத்தானே" எண்டு உங்களில ஒருத்தர் சந்தோசமாச் சொன்னதை நான் கேட்டனான். இல்லைத்தான். ஆனா அவைக்குத்தானே நீங்கள் சாமான் குடுக்கிறியள், அவை உங்களுக்கு ஃபோம் அனுப்புவினம். மற்றது, அந்த விதி முதலீட்டாளற்ற கண்ணால பாக்கிறது, சூழலும் காலநிலையும் கம்பனியின்ர காசை எப்பிடித் தொடும் எண்டு. ஜி.ஆர்.ஐ. மற்றப் பக்கத்தால பாக்குது, கம்பனி ஊரை என்ன செய்யுது எண்டு. ஐரோப்பாக்காரர் ரெண்டையும் சேர்த்துப் பாக்கச் சொல்லுகினம். எங்கட கிணத்தடியில ரெண்டும் ஒண்டுதான் ஐயா. தோட்டக்காரற்ற கிணறு சவர்த்தா அடுத்தது எங்கட கிணறுதான், பிறகு வடிகட்டி மெசின் வாங்கவேணும், அதுக்கு மின்சாரம், அதுக்கு லோன். 2024இல தாளையடியில கடல்தண்ணியை நல்ல தண்ணியாக்கிற நிலையம் திறந்தாச்சுத்தானே எண்டு சொல்லாதையுங்கோ, அது சனம் குடிக்கக் கட்டினது, உங்கட போத்தல் கழுவ இல்லை.

நான் கேக்கிறது பெரிசா ஒண்டும் இல்லை. அடுத்த முறை பட்டறை வைக்கேக்க ஹோட்டலை விட்டிட்டு தோட்டக்காரற்ற கொட்டிலில வையுங்கோ, அவை கதைக்கேக்க இடையில கதைக்காதையுங்கோ. சராசரி எடுக்காதையுங்கோ, ஒரு விசயம் மூண்டே மூண்டு குடும்பத்தைத்தான் பாதிக்குது ஆனா திருப்பேலாது எண்டால் அது மேல நிக்கட்டும். மற்றது, இதைத்தான் அடிக்கோடு போட்டுச் சொல்லுறன், காசு கேக்கிற ஃபோமில ஒரு கேள்வி சேருங்கோ: இந்தச் செலவு முதல் மூண்டு பிரச்சினையில எதையாவது கூட்டுமோ குறைக்குமோ, கூட்டுமெண்டால் ஆர் சைன் வைக்கிறது. அந்தக் கட்டம் காலியா இருந்தா வவுச்சரைத் திருப்பி அனுப்புற அதிகாரத்தைக் கணக்குப் பகுதிக்குத் தாங்கோ. பம்புக்கு ஒரு மீற்றரும், உப்பு அளக்கிற சின்ன மெசின் ஒண்டும் வாங்குங்கோ, ஜூன் 5க்கு அடிக்கிற பனர் காசை விடக் கனக்க வராது. கிழமைக்கு ஒருக்கா எங்கட கிணத்திலயும் அவையின்ர கிணத்திலயும் அளந்து அந்த எண்ணைக் கேற்றில எழுதிப் போடுங்கோ, ஊர் பாக்கட்டும்.

வாற மாதம் போர்ட் மீற்றிங். ரெண்டாவது குழாய்க்கிணத்துக்குப் பெரிய மோட்டர் போட கொட்டேசன் மூண்டு வந்து என்ர மேசையில கிடக்குது. கொப்பியின்ர அந்த ஏழு பக்கத்தையும் ஃபோட்டோக் கொப்பி அடிச்சு கொட்டேசனுக்கு மேல பின் பண்ணி வைச்சிருக்கிறன். இந்த முறை நான் இன்னும் சைன் வைக்கேல்ல.

இப்பிடிக்கு,
உங்கட கணக்குப் பகுதியில இருக்கிற ஒருத்தன்