"யார்கிட்ட மிஸ் சொல்றது?"

ஆசிரியர் அவர்களுக்கு,

குடியாத்தத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் டியூஷன் எடுக்கிறேன். சென்ற வாரம் ஒரு மாணவி கணக்கில் நல்ல மார்க் வாங்கினாள். "வீட்டில் சொன்னாயா?" என்றேன். "யார்கிட்ட மிஸ் சொல்றது?" என்றாள். இன்னும் அது காதிலேயே நிற்கிறது.

அப்பா, அம்மா இருவருக்கும் ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை. விடிந்ததும் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஃபீஸ், துணிமணி, செல்போன் என்று எதிலும் குறை வைக்கவில்லை. ஆனால் அடி, திட்டு இல்லாத வீட்டிலும், மனம்விட்டுப் பேச ஆள் இல்லாவிட்டால் பிள்ளை அன்புக்கு ஏங்கி வாடிப்போகிறது. விடை தெரிந்தாலும் அவள் கை தூக்குவதில்லை. தோழி ஒருநாள் பேசாவிட்டால் தன்மீதுதான் தப்பு என்று அழுகிறாள். அப்புறம், யார் கொஞ்சம் அன்பாகப் பேசினாலும் உடனே நம்பிவிடுகிறாள். எனக்குப் பெரிய பயம் அதுதான். பையன்களிடம் இதே ஏக்கம் கோபமாக வெளிப்படுவதையும் பார்க்கிறேன்.

பள்ளிகளின் பெற்றோர் கூட்டங்களில் மார்க்கைத் தாண்டி இதையும் பேச வேண்டும். வேலைக்குப் போகும் பெற்றோரும் வர வசதியாக ஞாயிற்றுக்கிழமையில் கூட்டம் வைக்கலாம். குழந்தைகள் உதவி எண் 1098, மனநல ஆலோசனை எண் 14416 இரண்டும் கட்டணமில்லாதவை. இவற்றை வகுப்பறைச் சுவரில் பெரிதாக எழுதிவைக்க வேலூர் மாவட்டக் கல்வி அதிகாரிகள் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.

ஒரு டியூஷன் ஆசிரியை,
குடியாத்தம்.